அளவுத் தொகுப்பு (கட்டுமான மதிப்பீடு)

அளவுத் தொகுப்பு என்பது, ஒரு கட்டுமானத் திட்டத்தின் வரைபடங்களிலிருந்து தனித்தனியாக எடுக்கப்பட்ட நுண்ணளவுகளை, வேலை வகை, இடம், கட்டம் முதலிய அடிப்படைகளில் கூட்டி, படிப்படியாக மேல்நிலை மொத்தங்களாக மாற்றும் முறை ஆகும். சுவர் சுவராகவும் குழி குழியாகவும் குறிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான வரிகள், இறுதியில் "செங்கல் கட்டு இத்தனை கன மீட்டர்", "பூச்சு இத்தனை சதுர மீட்டர்" என்னும் சில வரிகளாகச் சுருங்குகின்றன. அவ்வரிகளை விலை விகிதங்களால் பெருக்கும்போது கட்டிடத்தின் மதிப்பீடு கிடைக்கின்றது. முற்காலத்தில் தாளிலும் பின்னர் விரிதாளிலும் செய்யப்பட்ட இவ்வேலையை இன்று மதிப்பீட்டு மென்பொருட்கள் தாமாகவே செய்கின்றன. எனினும் எவற்றைக் கூட்டலாம், எவற்றைக் கூட்டக்கூடாது என்னும் விதிகள் மாறவில்லை.

தமிழ்நாட்டில் இத்துறையில் *விரிவான மதிப்பீடு*, *சுருக்கப் பட்டியல்* ஆகிய சொற்கள் வழங்குகின்றன. நுண்ணளவுகளைக் கொண்டது முன்னது. தொகுத்த அளவுகளையும் தொகைகளையும் கொண்டது பின்னது. இலங்கையில் இவ்வேலையைச் செய்பவர் *கணிய அளவையாளர்* எனவும், தொகுக்கப்பட்ட பட்டியல் *கணியப் பட்டியல்* எனவும் அழைக்கப்படுகின்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இது தனிப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் குடிசார் பொறியாளர்களே இப்பணியையும் செய்கின்றனர்.

## வரலாறு

பிரித்தானிய மரபில் அளவுப் பட்டியல் தயாரித்தல் நான்கு படிகளாக நடைபெற்றது. முதலில் வரைபடத்திலிருந்து அளவுகள் எடுக்கப்பட்டன. அடுத்து நீளம், அகலம், உயரம் ஆகியவை பெருக்கப்பட்டன. மூன்றாவதாக ஒரே வகை வேலைக்குரிய பெருக்கங்கள் ஒரு தாளில் சேர்த்துக் கூட்டப்பட்டன. இறுதியாக அவை பட்டியலாக எழுதப்பட்டன. இவற்றுள் மூன்றாவது படியே இன்று அளவுத் தொகுப்பு எனப்படுவது.

மூன்றாவது படி மிகுந்த நேரம் எடுத்ததால், 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு எளிய உத்தி பரவியது. ஒவ்வொரு அளவும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, சீட்டுகள் வெட்டப்பட்டு, ஒரே வேலைக்குரியவை ஒன்றாக அடுக்கப்பட்டன. ஒவ்வொரு சீட்டும் ஒரு பதிவு, அதன் மேல் எழுதப்பட்ட குறியீடு அதன் வகை என்னும் இக்கருத்தே இவ்வுத்தியின் அடிப்படை.

1979 இல் வெளியான விசிகால்க், 1983 இல் வெளியான லோட்டஸ் 1-2-3, 1985 இல் வெளியான எக்செல் ஆகிய விரிதாள் மென்பொருட்கள் கூட்டல் வேலையைக் கணினிக்கு மாற்றின. இவற்றையடுத்து மதிப்பீட்டுக்கென்றே தனி மென்பொருட்களும் பரவின. 2000 களுக்குப் பின் கட்டிடத் தகவல் மாதிரியிலிருந்து நேரடியாக அளவு எடுக்கும் முறை வளர்ந்தது.

அளவெடுக்கும் விதிகளும் இதனுடன் சேர்ந்தே வளர்ந்தன. இங்கிலாந்தில் சீர்தர அளவை முறையின் முதற் பதிப்பு 1922 இல் வெளியானது. இந்தியாவில் ஐ.எஸ். 1200 என்னும் சீர்தரம் 1958 இல் வெளியிடப்பட்டுப் பின்னர் மண் வேலை, கான்கிரீட், செங்கல் கட்டு, பூச்சு எனப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இலங்கையில் கட்டிட வேலைகளுக்கு எஸ்.எல்.எஸ். 573 பயன்படுகின்றது. நாடுகளுக்கிடையே செலவுகளை ஒப்பிடுவதற்காக, மேல்நிலைத் தலைப்புகளைப் பொதுவாக்கும் பன்னாட்டுச் சீர்தரம் ஒன்று 2017 இல் வெளியானது.

## அடிப்படை அமைப்பு

தொகுப்பு என்பது ஒரு மர வடிவ அடுக்கு ஆகும். அதன் அடியில் *அளவு வரி* உள்ளது. எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், பெருக்கம் ஆகிய ஐந்து கட்டங்கள் ஒவ்வொரு வரியிலும் உண்டு. பொதுப்பணித் துறையின் அளவுப் புத்தகத்திலும் இக்கட்டங்களே உள்ளன. வரிகள் சேர்ந்து *வேலை உருப்படி* ஆகின்றன. உருப்படிகள் சேர்ந்து அடித்தளம், மேற்கட்டு, முடிப்பு வேலை போன்ற *பிரிவுகள்* ஆகின்றன. பிரிவுகள் சேர்ந்து கட்டிடமும், கட்டிடங்கள் சேர்ந்து திட்டமும் ஆகின்றன.

மென்பொருளில் ஒவ்வொரு அளவு வரிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் இடப்படுகின்றன. வேலைக் குறியீடு, தளக் குறியீடு, கட்டக் குறியீடு ஆகியவை பொதுவானவை. ஒரே வரித் தொகுதியை வேலை வாரியாகக் கூட்டினால் விலைப்புள்ளிப் பட்டியல் கிடைக்கும். தளம் வாரியாகக் கூட்டினால் எந்தத் தளத்துக்கு எவ்வளவு பொருள் ஏற்ற வேண்டும் என்பது தெரியும். கட்டம் வாரியாகக் கூட்டினால் மாதந்தோறும் தேவைப்படும் பணம் தெரியும். எவ்வாறு கூட்டினாலும் இறுதித் தொகை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வேறுபட்டால், ஏதோ ஒரு வரி குறியீடு இன்றியோ இரு குறியீடுகளுடனோ உள்ளது என்பது பொருள்.

கூட்டலுக்கு இரு நிபந்தனைகள் உண்டு:

* அலகு ஒன்றாக இருத்தல்: கன மீட்டரையும் சதுர மீட்டரையும் கூட்ட இயலாது. செங்கல் கட்டும் பூச்சும் பணத்தின் வழியாகவோ, அவற்றுக்குத் தேவையான சிமெண்டு, மணல், ஆள்நாள் ஆகியவற்றின் வழியாகவோ மட்டுமே ஒன்று சேர முடியும்.
* விலை விகிதம் ஒன்றாக இருத்தல்: அலகு ஒன்றாயினும் விகிதம் வேறாயின் கூட்டக்கூடாது. ஐ.எஸ். 1200 இன் படி மண் வேலையில் முதல் 1.5 மீட்டர் ஏற்றத்துக்கும் 50 மீட்டர் தூரத்துக்கும் மேற்பட்டவை தனியாக அளக்கப்படுகின்றன. ஆழக் குழியில் வெட்டிய மண்ணை மேற்பரப்பில் வெட்டிய மண்ணுடன் ஒரே வரியில் சேர்த்தால், வெட்டியவருடைய உழைப்பின் ஒரு பகுதி கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றது.

## எடுத்துக்காட்டு: ஓரறைக் கட்டிடம்

மதுரை மாவட்டத்தில் மேலூருக்கு அருகே உள்ள திருவாதவூரில், உள்ளளவு 5.00 மீ × 4.00 மீ கொண்ட ஓரறைப் படிப்பகம் ஒன்று கட்டப்படுவதாகக் கொள்வோம். சுவர்த் தடிப்பு 0.23 மீ, சுவர் உயரம் 3.00 மீ. 1.00 மீ × 2.10 மீ அளவில் ஒரு கதவும், 1.20 மீ × 1.20 மீ அளவில் இரண்டு சன்னல்களும் உள்ளன. சுற்றிலும் 0.15 மீ உயர லிண்டல் உண்டு.

முதலில் சுவரின் நடுக்கோட்டு நீளம் காணப்படுகின்றது: 2 × (5.23 + 4.23) = 18.92 மீ. குறுக்குச் சுவர் இல்லாததால் இந்நீளத்தில் கழிவு இல்லை. குறுக்குச் சுவர் இருந்தால், சந்திப்பு ஒவ்வொன்றுக்கும் பாதி அகலம் கழிக்கப்படும்; இல்லையேல் மூலையிலுள்ள கனஅளவு இருமுறை கணக்கிடப்படும்.

* அடித்தள மண் வெட்டு (அகலம் 0.90 மீ, ஆழம் 1.00 மீ): 18.92 × 0.90 × 1.00 = 17.03 கன மீட்டர்.
* அடிக் கான்கிரீட் 1:4:8 (தடிப்பு 0.15 மீ): 18.92 × 0.90 × 0.15 = 2.55 கன மீட்டர்.
* மேற்கட்டுச் செங்கல் வேலை: மொத்தம் 18.92 × 0.23 × 3.00 = 13.05 கன மீட்டர். கழிவு: கதவு 0.48, சன்னல்கள் 0.66, லிண்டல் 0.65. நிகரம் 11.26 கன மீட்டர்.
* சுவர்ப் பூச்சு: உட்புறம் 18.00 × 3.00 = 54.00, வெளிப்புறம் 19.84 × 3.00 = 59.52, மொத்தம் 113.52 சதுர மீட்டர். கழிவு 4.98. நிகரம் 108.54 சதுர மீட்டர்.

பூச்சின் கழிவு கவனிக்கத் தக்கது. கதவு, சன்னல்களின் மொத்தப் பரப்பு 2.10 + 2.88 = 4.98 சதுர மீட்டர். சுவரின் இருபுறமும் பூசப்படுவதால் இருமுறை கழிக்க வேண்டும் எனத் தோன்றும். ஆனால் 0.5 சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்கு, இருபுறமும் ஒரே வகைப் பூச்சு ஆயின், ஒரு புறத்துக்கு மட்டுமே கழிக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 1200 இன் விதி. கழிக்காத மற்றொரு புறம், திறப்பின் பக்கவாட்டிலும் அடியிலும் மேலும் பூசும் வேலைக்கு ஈடாகின்றது. இருமுறை கழித்தால் அளவு 103.56 ஆகக் குறைந்து, பூச்சு வேலை செய்தவர் ஏறத்தாழ 4.6 விழுக்காடு இழப்பார். செங்கல் கட்டில் இச்சலுகை இல்லை; அங்கு திறப்பின் முழுக் கனஅளவும் கழிக்கப்படுகின்றது. ஆகவே ஒரே சன்னல் இரு உருப்படிகளில் இரு விதமாகக் கணக்கிடப்படுகின்றது.

## பொருட்களாக மாற்றுதல்

உருப்படிகளை அவற்றின் மூலப்பொருட்களாகப் பிரித்து மீண்டும் கூட்டுதல் தொகுப்பின் அடுத்த படி ஆகும். 230 × 110 × 70 மி.மீ. செங்கல் 10 மி.மீ. கலவை இணைப்புடன் 0.0023 கன மீட்டர் இடத்தை நிரப்புகின்றது. எனவே ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 434 செங்கற்கள் தேவை. மேற்கண்ட 11.26 கன மீட்டருக்கு ஏறத்தாழ 4,890 செங்கற்களும், 5 விழுக்காடு சேதம் சேர்த்தால் ஏறத்தாழ 5,130 செங்கற்களும் ஆகும்.

சிமெண்டு மூன்று உருப்படிகளிலும் வருகின்றது. 1:6 கலவைச் செங்கல் கட்டில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 61.7 கி.கி., 1:4:8 கான்கிரீட்டில் ஏறத்தாழ 170.6 கி.கி., 12 மி.மீ. தடிப்புள்ள 1:5 பூச்சில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.74 கி.கி. எனக் கொண்டால்:

* செங்கல் கட்டு: 695 கி.கி. (13.9 மூட்டை)
* அடிக் கான்கிரீட்: 435 கி.கி. (8.7 மூட்டை)
* பூச்சு: 406 கி.கி. (8.1 மூட்டை)

மொத்தம் 1,536 கி.கி.; 50 கி.கி. மூட்டையில் 30.7, அதாவது 31 மூட்டைகள். ஒவ்வொரு உருப்படியையும் முதலில் முழு மூட்டையாக்கிப் பின்னர் கூட்டினால் 14 + 9 + 9 = 32 மூட்டைகள் ஆகும். முழுமையாக்கலைக் கூட்டலுக்குப் பின்னரே செய்தல் வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. ஓரறையில் ஒரு மூட்டையாக உள்ள வேறுபாடு, பல நூறு உருப்படிகள் கொண்ட திட்டத்தில் பெருந்தொகையாகின்றது.

அலகு மாற்றமும் இக்கட்டத்தில்தான் பிழைக்கு இடமளிக்கின்றது. மதிப்பீடு கன மீட்டரில் இருக்க, தமிழ்நாட்டுச் சந்தையில் மணலும் சல்லியும் *யூனிட்* கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். கம்பி வரைபடத்தில் நீளமாகவும் கடையில் எடையாகவும் உள்ளது. மி.மீ. அளவிலுள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் மீட்டருக்குரிய எடை கி.கி. இல் கிடைக்கும், 12 மி.மீ. கம்பிக்கு இது 0.89 கி.கி.

## கண்மாய்க் கரையும் நெட்டாங்கு அளவும்

மதுரைச் சமவெளியில் கட்டிடங்களைவிடப் பழமையான கட்டுமானம் கண்மாய் ஆகும். திருவாதவூர் உள்ளிட்ட மேலூர் வட்டாரத்தின் வேளாண்மை கண்மாய்களையும், 1895 இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரையும் சார்ந்தது. கரையை உயர்த்துதல், வண்டல் அகற்றுதல் போன்ற வேலைகளின் மதிப்பீடு முற்றிலும் மண்ணின் கனஅளவைப் பொறுத்தது.

கரையின் நீளவாட்டில் குறிப்பிட்ட தொலைவுக்கொரு முறை குறுக்குவெட்டு எடுக்கப்பட்டு, அடுத்தடுத்த இரு வெட்டுகளின் சராசரிப் பரப்பு இடைத்தூரத்தால் பெருக்கப்படுகின்றது. மேல் அகலம் 2 மீ, இருபக்கச் சரிவு 2:1 கொண்ட கரையின் உயரம் 0, 30, 60 ஆவது மீட்டர்களில் முறையே 3.0, 2.5, 2.0 மீட்டர் எனக் கொள்வோம். குறுக்குவெட்டுப் பரப்புகள் 24.0, 17.5, 12.0 சதுர மீட்டர். சராசரி முறையில் கனஅளவு 622.5 + 442.5 = 1,065 கன மீட்டர். நடு வெட்டை எடுக்காமல் இரு முனைகளை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 1,080 கன மீட்டர். பட்டக முறையில் கணக்கிட்டால் 1,060 கன மீட்டர். உயரம் சீராகக் குறையும் இக்கரைக்கு இதுவே சரியான அளவு.

மூன்று விடைகளும் கூட்டற் பிழை இல்லாதவை. அடிமட்டத்தில் எடுக்கப்படாத விவரத்தை எந்தத் தொகுப்பும் மேல்மட்டத்தில் தர இயலாது என்பதை இது காட்டுகின்றது. 2017 இல் தமிழ்நாடு அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்துப் பணிகளைப் போன்ற கண்மாய்ச் சீரமைப்புகளில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் குறுக்குவெட்டு மட்டங்களின் வேறுபாடே செய்த வேலையின் சான்று. மழைக்குப் பின் நீர் நிறைந்துவிட்டால் அந்த அளவை மீண்டும் எடுக்க வழியில்லை.

கரை வேலையைப் பங்கிட்டு அளக்கும் வழக்கம் இப்பகுதியின் தொன்மத்திலும் இடம்பெறுகின்றது. மாணிக்கவாசகர் பிறந்த ஊராகத் திருவாதவூர் போற்றப்படுகின்றது. அவருடைய வரலாற்றோடு இணைந்த திருவிளையாடலில், வைகை உடைப்பை அடைக்க மதுரைக் குடிகளுக்குக் கரை பங்கு பிரிக்கப்படுகின்றது. ஆளில்லாத வந்தி என்னும் மூதாட்டியின் பங்கை அடைக்க, பிட்டைக் கூலியாகப் பெற்றுச் சிவபெருமான் மண் சுமக்கின்றார். ஒரு பங்கு அடைபடாவிடில் முழுக் கரையும் பயனற்றது என்பதால் அப்பங்கு மன்னன் வரை செல்கின்றது. மதுரையில் ஆவணி மாதத்தில் பிட்டுத் திருவிழா இதன் நினைவாக நடைபெறுகின்றது.

## கூலியும் தொகுப்பும்

மண் வேலையில் தொகுப்பு என்பது நேரடியாகக் கூலிக் கணக்கு ஆகும். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2005 இன் கீழ் நடந்த பணிகளில், தேர்ச்சி பெற்ற தொழிலாளர் கூலி உள்ளிட்ட பொருட்செலவு 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என விதிக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு உருப்படியையும் உடலுழைப்புக் கூலி, பொருள் என இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே தொகுக்க வேண்டியிருந்தது. இதற்காக *செக்யூர்* என்னும் மதிப்பீட்டு மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. குழுவாக வெட்டிய மண் ஒன்றாக அளக்கப்பட்டு ஆள்நாட்களால் வகுக்கப்படும்போது, கடினமண்ணை மென்மண் என்னும் குறியீட்டில் சேர்த்தால், முழு நாள் உழைத்தவருக்கும் முழுக் கூலி கிடைக்காமற் போகும்.

ஒப்பந்த வேலைகளில் பிழை வேறு வழியில் வெளிப்படுகின்றது. தமிழ்நாட்டில் அரசு ஒப்பந்தங்கள் 1998 ஆம் ஆண்டின் ஒப்பந்தப் புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்துக்கு உட்பட்டவை. உருப்படிவாரி விலைப்புள்ளியில், சுருக்கப் பட்டியலில் ஓர் அளவு குறைவாக உள்ளதை முன்னரே கண்டுகொண்ட ஒப்பந்ததாரர், அவ்வுருப்படிக்கு மட்டும் உயர்ந்த விகிதமும் பிறவற்றுக்குத் தாழ்ந்த விகிதமும் குறிப்பிடலாம். மொத்தத்தில் அவரே குறைந்த விலைப்புள்ளி அளித்தவர் ஆவார். வேலை முடிந்து உண்மை அளவுக்குப் பணம் வழங்கும்போது செலவு மற்றவர் கேட்டதைவிட அதிகமாகும்.

## பொதுவான பிழைகள்

* இருமுறை கூட்டல்: விரிதாளில் பிரிவு மொத்தங்களையும் அவற்றின் உறுப்பு வரிகளையும் சேர்த்துக் கூட்டுதல். இதைத் தவிர்க்கவே எக்செல்லில் உள்ள சப்டோட்டல் சார்பு, தன் எல்லைக்குள் அமைந்த பிற சப்டோட்டல் மொத்தங்களை விட்டுவிடுகின்றது.
* கையால் மாற்றிய எண்: சூத்திரம் இருந்த இடத்தில் எண்ணை நேரடியாக எழுதிவிட்டால், பின்னர் வரைபடம் மாறினாலும் மொத்தம் மாறாது.
* எல்லைக்கு வெளியே வரி: புதிதாகச் சேர்த்த வரி கூட்டல் எல்லைக்குள் வராமற் போதல்.
* மொத்தத் தொகை உருப்படிகள்: அளவின்றி ஒரே தொகையாகக் காட்டப்படும் மின்னிணைப்பு, குடிநீர் இணைப்பு போன்றவை. தொகுப்பில் இவை ஒழுங்காகச் சேர்ந்தாலும் சரிபார்க்க நுண்ணளவு இல்லை.
* விழுக்காட்டு வரிசை: சேதம், மேற்செலவு, வரி ஆகியவற்றை எந்த மொத்தத்தின் மீது, எந்த வரிசையில் இடுவது என்பது மாறினால் இறுதித் தொகை மாறும்.

## கட்டிடத் தகவல் மாதிரி

முப்பரிமாண மாதிரியில் சுவர், தூண், சன்னல் ஆகியவை தம் அளவுகளைத் தாமே கொண்டுள்ளன. மென்பொருட்களுக்கிடையே இவற்றைப் பரிமாற உதவும் ஐ.எஃப்.சி. வடிவம் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் சீர்தரமாக 2013 இல் ஏற்கப்பட்டது. அதில் மொத்தக் கனஅளவும் திறப்புகள் நீங்கிய நிகரக் கனஅளவும் தனித்தனியாகப் பதியப்படலாம்.

எனினும் மாதிரி தருவது வடிவியல் அளவு. ஒப்பந்தம் கேட்பது விதிப்படியான அளவு. மேலே கண்ட பூச்சு விதியை மாதிரி தானாக அறியாது, 0.1 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குச் செங்கல் கட்டில் கழிவு இல்லை என்பதையும் அறியாது. வரையப்படாத சாரம், முட்டுப்பலகை, நீரிறைப்பு ஆகியவை அதில் இல்லவே இல்லை. இவற்றைச் சேர்ப்பதும் விதிகளைப் பொருத்துவதும் மதிப்பீட்டாளரின் பொறுப்பாகவே உள்ளது.

## சரிபார்த்தல்

அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் அச்சிட்ட எண் கொண்டவை, பதிவுகள் மையால் எழுதப்படுகின்றன, அழித்தெழுதுதல் கூடாது. பிழையான எண்ணைக் கோடிட்டு அடித்துச் சரியானதை எழுதி ஒப்பமிட வேண்டும். உதவிப் பொறியாளர் எடுத்த அளவுகளில் ஒரு பகுதியை மேலதிகாரி தளத்தில் மீண்டும் அளந்து பார்க்கின்றார். மென்பொருளிலும் இதற்கு இணையான வசதிகள் தேவைப்படுகின்றன: யார் எப்போது மாற்றினார் என்னும் பதிவு, எந்த மொத்தத்திலிருந்தும் அதன் அடிவரிகள் வரை இறங்கிப் பார்க்கும் வழி, ஒவ்வொரு வரிக்கும் வரைபட எண்.

விகிதாசார ஒப்பீடும் பயன் தருகின்றது. எடுத்துக்காட்டின் அறையில் தரைப்பரப்பு 20 சதுர மீட்டர். சுவர்ப் பூச்சு அதன் 5.4 மடங்கு. ஒரே மாதிரியான பன்னிரண்டு அறைகளின் தொகுப்பில் இவ்விகிதம் 5.4 ஆகவே இருக்க வேண்டும். வேறாக இருப்பின், எந்த அறையில் வரி விடுபட்டது அல்லது இருமுறை வந்தது என்பதை அடிவரிகளில் தேட வேண்டும்.

## இவற்றையும் பார்க்க

* அளவுப் புத்தகம்
* கட்டிடத் தகவல் மாதிரி
* குடிமராமத்து
* திருவாதவூர்
* விரிதாள்